ஆட்சேபணை வராத இருபத்தொரு நாட்கள்

எங்கள் இலாகாவில் பழைய ஊழியர்களுக்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க அங்கிள், சிரிப்பா இருக்கட்டும், சர்ச்சை மட்டும் வேணாம் லா" என்று தேவிகா போன் செய்தாள். கிள்ளானில் நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். திருமணப் பதிவு கவுண்டர்.

போன வாரம் பென்ஷன் விஷயமாக அங்கே போயிருந்தேன். தேநீர் நேரத்தில் ஒரே வாக்குவாதம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள சட்டம் கொண்டுவரலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என பேப்பரில் வந்திருந்தது. "உலகம் கெட்டுப் போச்சு" என்றது ஒரு குரல். "அவங்க வீட்டு விஷயம், உங்களுக்கு என்னா?" என்றது இன்னொன்று. தேவிகா என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இப்படி யாராச்சும் கவுண்டருக்கு வந்திருக்காங்களா அங்கிள்?" என்று கேட்டாள். கேட்ட கையோடு அவளே பதிலும் சொல்லிவிட்டாள். "வந்திருந்தாலும் இப்ப நடக்காது. ஐசி, அதான் அடையாள அட்டை, அந்த நம்பரைத் தட்டினாலே ஆணா பெண்ணான்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். அடுத்த கட்டத்துக்கே போகாது."

நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் வந்தார்கள். ஃபாரம் கொடுத்தார்கள். வாங்கி, சரிபார்த்து, முத்திரைச் சாப் குத்தி, போர்டில் ஒட்டியவன் நான். அதை எழுதுகிறேன். சர்ச்சையா இல்லையா என்பதை மலர்க் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மகன் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விசிறி சுற்றாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் சில வருஷம் கோப்பு தூக்கினேன், தூசி தட்டினேன், தட்டெழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். பயிற்சிக் காலம் என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான் என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்று ஆனதும் ஜனங்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள்.

முறை இதுதான். இருவரும் அறிவிப்பு ஃபாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை டைப் அடித்து வெளியே உள்ள பலகையில் இருபத்தொரு நாள் ஒட்டி வைப்போம். அதற்குள் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். ஒன்றும் வராவிட்டால் பத்திரம் கிடைக்கும், தேதி குறித்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

நம் ஜனங்கள் ஃபாரம் நிரப்பும் அழகைத் தனிப் புத்தகமாகவே போடலாம். தொழில் என்ற கட்டத்தில் ஒருவர் 'மாப்பிள்ளை' என்று எழுதினார். திருமண நிலை என்ற கட்டத்தில் இன்னொருவர் மலாயில் 'போலே தஹான்' என்று எழுதிக் கொடுத்தார். பரவாயில்லை, ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். பதினோரு வருஷம் முன்பே தாலி கட்டி மூன்று பிள்ளை பெற்றவர். யோசித்துப் பார்த்தால் அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் சகித்துக்கொள்ள முடியாதவர் எங்கள் தலைமைக் கிராணி சிவப்பிரகாசம் சார். யாழ்ப்பாணத்து வம்சம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு. காலையில் ரயிலேறி வந்து ஏழே முக்காலுக்குக் குடையை ஆணியில் மாட்டுவார். மழை வந்தாலும் வராவிட்டாலும் குடை வரும். ஃபாரத்தைப் படிக்க அவருக்கு ஒரு தனி முறை உண்டு. பென்சிலின் பின்முனையை முதல் கட்டத்தில் வைத்து, இரண்டு, மூன்று என்று முப்பத்திரண்டு வரை நகர்த்துவார். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது, எதிலும் அடித்தல் திருத்தல் கூடாது. எனக்கு அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஆறுமுகம், ஆளைப் பாராதையும். கட்டத்தைப் பாரும். ஆளைப் பார்த்தா இரக்கம் வரும், கோபம் வரும். கட்டத்துக்கு அந்தக் கரைச்சல் இல்லை. விளங்குதோ?"

எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. அதுதான் பிறகு வினையானது.

ஆவணி பிறக்கப் போகிற ஒரு வாரம். கவுண்டரில் கூட்டம் நெரிகிறது. வரிசையில் இரண்டு அக்காமார். இருவருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒருவர் ஒல்லி, கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். மற்றவர் நல்ல உடம்பு, குரலும் அப்படியே. கவுண்டருக்கு இரண்டு பெண்கள் வருவது அதிசயமே இல்லை. எங்கள் ஜனங்களில் மாப்பிள்ளை முதலில் வரமாட்டார். அவர் எப்போதும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார். அம்மாவும் அக்காவும்தான் ஐசிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் வருவார்கள்.

"எல்லாம் இருக்காக்கா?" என்றேன்.

"எல்லாம் இருக்கு தம்பி" என்றார் குரல் பெருத்தவர்.

ஃபாரத்தைப் பார்த்தேன். என் சர்வீசில் அப்படி ஒரு ஃபாரம் வந்ததில்லை. முப்பத்திரண்டு கட்டமும் நிரம்பியிருந்தது. அச்சு மாதிரி எழுத்து. ஒரு அடித்தல் கிடையாது. ஐசி எண்ணை ஒப்பிட்டேன், சரி. படத்தை யார் பார்த்தது. கையெழுத்துக்கு இரண்டு இடத்தில் பென்சிலால் சிலுவை போட்டுக் கொடுத்தேன். இரண்டு சிலுவைக்கும் இரண்டு கையெழுத்து வந்தது. சாப் குத்தினேன். அன்றைக்கு நாற்பத்து மூன்று ஃபாரம். சிவப்பிரகாசம் சார் நாற்பத்து மூன்றிலும் பென்சிலை நகர்த்தி, இந்த ஒன்றில் மட்டும் ஒரு கணம் நிறுத்தி, "பாரும் ஐசே, இப்பிடி எல்லோ நிரப்ப வேணும்" என்று, எல்லோரையும் கூப்பிடுகிற அந்த 'ஐசே'யோடு, என்னிடம் காட்டிக் கையெழுத்திட்டார். டைப்பிஸ்ட் லீலா நாற்பத்து மூன்றையும் தட்டினாள். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மனசு முழுக்க ரவிக்கைத் துணியில் இருந்தது. பியூன் ஒட்டினான்.

அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை. படித்தவர் ஒரே ஒருவர், பக்கிரிசாமி ஐயா. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். எதிர்க் கடையில் பசியாறிவிட்டு தினமும் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் போவார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ கவுண்டருக்கு வந்தார்.

"கிராணியாரே, ஒரு நோட்டீஸ்ல தப்பு இருக்கு."

"எழுத்துல குடுக்கணும் ஐயா."

"எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டு நம்பர் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. முனிசிபல்ல மாத்திட்டாங்க. இப்ப பதினாலு. நான் பக்கத்து வீடு, எனக்குத் தெரியாதா?"

நான் பேனாவோடு போய், பன்னிரண்டை வெட்டிப் பதினாலு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டுவிட்டு வந்தேன். மூக்குக்கு நேரே இரண்டு பெயர். படிக்கவில்லை. கட்டத்தைப் பார்த்தேன், வந்தேன்.

இருபத்தொன்று முடிந்த மறுநாள் காலையில் அதே இரண்டு அக்காமாரும் வந்தார்கள். ஒல்லியானவர் நல்ல சேலை கட்டியிருந்தார். மற்றவர் கால்சட்டையும் சட்டையுமாக, வேன் சாவியைக் கவுண்டர் மேல் வைத்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவராம்.

"மாப்பிள்ளை எங்கேக்கா? இன்னிக்கு அவரு கட்டாயம் வந்தாகணும்" என்றேன்.

"நான்தான் தம்பி அந்தக் கட்டத்துல கையெழுத்துப் போட்டது. சரோஜா. இது தனலெட்சுமி."

நான் ஃபாரத்தைப் பார்த்தேன். சரோஜாவைப் பார்த்தேன். மறுபடி ஃபாரத்தைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக ஆளைப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது பயம். தெற்குக் கோடி ஜோகூருக்கு மாற்றிவிடுவார்களோ என்று.

"ஏன்க்கா அந்தக் கட்டத்துல..."

"ரெண்டே கட்டம்தானே வச்சிருக்கீங்க. யார் எதுலன்னு காசு சுண்டிப் பார்த்தோம். எனக்கு இது விழுந்துச்சு."

சிவப்பிரகாசம் சார் காலைத் தேநீர் இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கவுண்டரைச் சாத்தச் சொன்னார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. இருவரையும் உள்ளே அழைத்து நாற்காலி போடச் சொல்லி, சட்டப் புத்தகத்தை எடுத்தார். யாருக்காவது முடியாது என்று சொல்வதானால், எந்த வரியினால் முடியாது என்று காட்டிவிட்டுத்தான் சொல்வார். விரலை வைத்துக் காட்டினார். ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்று இருந்தது.

தனலெட்சுமி அந்த வரியை நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்: "செல்லாதுன்னு எங்களுக்கும் தெரியும் சார். ஆனா வேற எங்க போறது? எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. அடுத்த திங்கள் ஆப்ரேஷன். சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமாம். இவ போட்டா செல்லாதாம். உறவுன்னு காட்ட கவர்மெண்ட் பேப்பர் கொண்டான்னுட்டாங்க."

"உங்களுக்கு வேற ஆக்கள் இல்லையோ?" என்றார் சார்.

"தெலுக் இந்தானில தம்பி ஒருத்தன் இருக்கான். இருபது வருஷமா எட்டிப் பார்க்கல. ஒரே ஒரு தடவை வந்தான், என் தையல் மிஷினைக் கேட்டு. என் வயித்தைக் கிழிக்க அவன் கையெழுத்தா? அவன் போட்டா நான் படுக்கவே மாட்டேன் சார். கட்டியோடயே இருந்துக்கறேன்."

அவர் அழவில்லை. சரோஜாதான் வேன் சாவியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். "இருபத்தோரு நாள் போர்டுல இருந்துச்சே சார். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே. நான் தினம் வேன்ல போறப்போ பார்ப்பேன். இன்னும் கிழிக்கலன்னு" என்றார்.

அவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூவரும் உள்ளே பேசினோம். பேப்பரைப் பார்த்து இப்போது பேசுகிறார்களே, அந்த வாக்குவாதத்தை நாங்கள் அன்றைக்கே நடத்தி முடித்துவிட்டோம்.

"இதெல்லாம் எங்கயாச்சும் நடக்குமா சார்?" என்று தொடங்கிய லீலா, சன்னல் வழியாக எட்டிப் பார்த்ததும் குரல் மாறினாள். "ஐயோ, அது நம்ம தனா ஆன்டி. என் ரவிக்கை ஆறும் அவங்ககிட்டதான் இருக்கு." அதற்குப் பிறகு அவளுடைய கருத்து மிகவும் தாராளமாகிவிட்டது. கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் ஒரு மனுஷியைப் படுக்க வைப்பது பாவம் என்றாள்.

நான், "சார், நோட்டீஸைக் கிழிச்சுடலாம். வந்ததுக்குத் தடயமே இருக்காது" என்றேன். என் யோக்கியதை அன்றைக்கு அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அரசாங்க சாப் குத்திக் கிடக்கு. என்ரை கையெழுத்தும் கிடக்கு. என்னெண்டு கிழிக்கிறது?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு பக்கிரிசாமி ஐயா உள்ளே வந்தார். பலகையில் அன்றைய புது நோட்டீஸ் ஒட்டவில்லையே என்று கேட்க வந்தவர். சார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் அந்த நோட்டீசை வாசிச்சனீங்கள்தானே?"

"தினம் படிச்சேன். நம்பரைத் திருத்திட்டாரு."

"ரெண்டு பேரும் பொம்பிளையள் எண்டது..."

"தெரியும் சார். இருபத்திரெண்டு வருஷமா பக்கத்து வீடு."

"அப்ப உங்களுக்கு ஆட்சேபணை ஒண்டும் இல்லையோ?"

ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதான் சொன்னேனே சார். நம்பர் தப்பா இருந்துச்சு. இப்ப சரியாப் போச்சு."

ஐயா போன பிறகு சார் நாற்காலியில் சாய்ந்தார். குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எனக்கு இது பிடிக்கேல்லை, ஐசே. உள்ளதைச் சொல்லுறன். நான் பழைய ஆள்" என்றார். மறுபடி ஃபாரத்தை எடுத்தார். பென்சிலின் பின்முனை ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை மெதுவாக நகர்ந்தது. "பிடிக்குதோ பிடிக்கேல்லையோ எண்டு இதில கட்டம் இல்லை. லீலா, கடிதம் ஒண்டு அடிக்க வேணும். மறுப்புக் கடிதம்."

கடிதம் மலாயில். அவர் ஆங்கிலத்தில் படித்தவர், அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல லீலா தட்டினாள். இதுதான் அதன் சாரம். கீழ்க்கண்ட இருவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே முகவரியில் வசித்து வருவதாக அண்டை வீட்டார் உறுதி செய்கிறார். இருவரும் இவ்வலுவலகத்தில் முறைப்படி திருமண அறிவிப்புக் கொடுத்தனர். அறிவிப்பு இருபத்தொரு நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வீட்டு எண் பற்றி ஒரு திருத்தம் பெறப்பட்டு, சரி செய்யப்பட்டது. அதைத் தவிர எவரிடமிருந்தும் எந்த ஆட்சேபணையும் பெறப்படவில்லை.

லீலா அடுத்த பத்திக்கு வந்தாள். 'எனினும்' என்று தொடங்குகிற பத்தி.

"பொறும். மார்ஜினைப் பெரிசாக்கும்" என்றார் சார்.

"இதுலயே எடம் இருக்கு சார்."

"எனக்குத் தெரியும். மார்ஜினைப் பெரிசாக்கி முதல்ல இருந்து அடியும். வரிகளுக்கு இடையில ரெண்டு தட்டு விடும்."

இரண்டாம் தடவை அடித்தபோது 'எனினும்' இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. சார் கீழே கையெழுத்திட்டார். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி எடுத்து, அதன் அடியிலும் சுருக்கொப்பமிட்டு, இலாகாவின் பெரிய வட்டச் சாப்பை எடுத்து, மையில் நன்றாக ஒற்றிக் குத்தினார். அந்தச் சாப்பை வருஷத்துக்கு இரண்டு முறை வெளியில் எடுத்தால் அதிகம். இரண்டு தாளையும் ஊசியால் சேர்த்துச் சரோஜாவிடம் கொடுத்தார்.

"இது மறுப்புக் கடிதம், அம்மா. உங்களுக்குப் பத்திரம் தர ஏலாது எண்டு இதில எழுதிக் கிடக்கு. இதில ஒரு சொல்லும் பொய் இல்லை. கேக்கிற ஆக்களுக்கு முழுக் கடிதத்தையும் குடுங்கோ. ஒரு தாளையும் கழட்டக் கூடாது."

சரோஜாவின் முகம் வாடிப்போனது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. எனக்குச் சார் மீது கோபம் கோபமாக வந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டிய லீலாவுக்கே ஒன்றும் பிடிபடவில்லை. பத்து வரிக்கு மேல் கடிதம் எழுதினால் காகிதம் வீண் என்று எங்களைத் திட்டுகிறவர் எதற்காக இரண்டு பக்கம் அடிக்க வைத்தார் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்நேரம் சரோஜா வந்தார். வேனை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவந்தவர், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"முடிஞ்சுச்சு தம்பி. நல்லபடியா முடிஞ்சுச்சு. கண்ணைத் தொறந்து, லீலா ரவிக்கைக்குக் கொக்கி வைக்கலன்னு சொல்றா."

"கையெழுத்து?"

"நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருந்த ஆளு கடுதாசிய வாங்கினான். மேல பார்த்தான், அரசாங்க முத்திரை. கீழ பார்த்தான், இவ்ளோ பெரிய சாப். நடுவுல எங்க ரெண்டு பேரு பேரு. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல. அடுத்த தாளைத் திருப்பவும் இல்ல. உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல அவனே 'குடும்பம்'னு எழுதி, இங்க போடுங்கன்னு பென்சில்ல ஒரு சிலுவை போட்டுக் குடுத்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். சிவப்பிரகாசம் சார் ஃபாரம் ஒன்றில் பென்சிலை நகர்த்திக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது கட்டத்தில் பென்சில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தது.

அவர் ஓய்வு பெற்ற நாளில், கேக் வெட்டி முடித்த பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சார், அந்தக் கடுதாசி ஏன் சார் ரெண்டு பக்கம்?"

"மார்ஜின் சின்னனா இருந்தா வாசிக்கக் கஷ்டம், ஐசே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

இப்போது தேவிகாவின் கம்ப்யூட்டர் ஆளையும் பார்க்காது, பக்கத்தையும் திருப்பாது. நம்பரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். வசதிதான். சட்டம் மாற வேண்டுமா என்று கேட்டால், சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு தகவல். கிள்ளானில் ஒரு பலகையில் இருபத்தொரு நாள் ஊர் பார்க்க ஒட்டியிருந்தது. வந்த ஆட்சேபணை வீட்டு எண்ணுக்கு.

போன ஆண்டு என் மகளின் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க பதினாலாம் நம்பர் வீட்டுக்குப் போனோம். தனலெட்சுமி அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, என் மகள் கையை உயர்த்தவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில், மற்ற வீடுகளில் கல்யாணப் படம் மாட்டுகிற இடத்தில், கண்ணாடி போட்டு அந்தக் கடிதம் மாட்டியிருந்தது. முதல் பக்கம். வட்டச் சாப்பின் மை மங்கவே இல்லை.

"ரெண்டாவது பக்கம் எங்கக்கா?" என்று சரோஜாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் எழுந்து போய், சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்து, திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், ஊசி போட்ட தடத்தோடு அந்தத் தாள் ஒட்டியிருந்தது. 'எனினும்' என்று தொடங்குகிற பத்தி. அதற்குக் கீழே சாரின் முழுக் கையெழுத்து.

"கழட்டக் கூடாதுன்னு சொன்னாருல்ல தம்பி" என்றார். மறுபடி சட்டத்தைத் திருப்பி மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.